காருக்கு வண்ணம் மாற்றலாமா?

பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் மனிதரைப் பார்த்துச் சொன்ன பழமொழி. இன்று அது மோட்டார் காருக்கும் பொருந்தி நிற்கிறது. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நம்மைப் போன்ற குடும்பங்கள் கார் வாங்கினால் பெரும்பாலும் பழைய காரைத்தான் வாங்குகின்றன. பத்தாண்டு ஓடிய மாருதி ஒன்று வாசலுக்கு வருகிறது. பானெட்டில் வெளுப்பு, கதவின் அடியோரத்தில் துரு, மட்கார்டில் யாரோ உரசிவிட்டுப் போன கீறல். வீட்டார் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பார்த்தவுடன் ஒரு வினா எழுகிறது. பழைய வண்ணத்தையே மறுபடி அடிப்பதா? அல்லது செலவோடு செலவாக வண்ணத்தையே மாற்றிவிடுவதா?

நாட்டில் எத்தனையோ பெரிய சிக்கல்கள் இருக்க, கல்லூரி ஆண்டு மலரில் எழுத இதுதானா பொருள் என்று நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். கேட்கட்டும். இந்தச் சிறிய வினாவுக்குள் நாம் வகுப்பில் படிக்கும் வேதியியல் இருக்கிறது, குடும்பத்தின் வரவு செலவு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் கண்ணால் பார்த்தும் கருத்தில் கொள்ளாத ஒரு தொழிலாளியின் மூச்சு இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். வண்டிக்குத் தேவை பழுது பார்ப்பதே ஒழிய நிறமாற்றம் அன்று. கெட்டுப்போன இடத்தை மட்டும் சரி செய்து, பழைய வண்ணத்தையே பொருத்தமாக அடிப்பதுதான் பெரும்பாலான வண்டிகளுக்கு ஏற்றது. அப்படியும் வண்ணத்தை மாற்றியே தீர வேண்டும் என்று விரும்புவோர், அடிப்பவரின் உடல்நலத்துக்கான செலவையும் சேர்த்துக் கொடுக்க அணியமாக இருக்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? என் தந்தையார் இராசபாளையத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பெயிண்டர். பதினான்கு வயதில் கையாளாகச் சேர்ந்து, உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்துத் தொழில் பழகியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அவர் கையில் கற்ற தொழிலை நான் புத்தகத்தில் படிக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பஞ்சு தந்த வண்ணம்

கார் என்றால் பல வண்ணம் என்பது என்றும் இருந்த நிலை அன்று. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் கொண்டு வந்த 'மாடல் டி' கார், 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. அந்நாளைய வார்னிஷ் வண்ணங்கள் கோட்டின்மேல் கோட்டாக அடித்துக் காய்ந்து முடிய வாரக் கணக்காகும். ஆயிரக் கணக்கில் வண்டி செய்யும் தொழிற்சாலையில் அத்தனை நாள் எங்கே நிறுத்தி வைப்பது? சூட்டில் விரைவாகக் காய்ந்து, உழைத்து, விலையும் மலிவாக இருந்தது கறுப்பு எனாமல். ஆகவே கறுப்பு.

இந்த நிலையை மாற்றியது நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருள். டூபான்ட் நிறுவனம் அதைக் கொண்டு 'டூக்கோ' என்னும் வண்ணத்தை உருவாக்கியது. 1924-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஓக்லண்ட் கார் அந்த வண்ணத்தில் நீல நிறமாக வெளிவந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. அதன் பிறகுதான் கார் வாங்குவோருக்கு "என்ன நிறம் வேண்டும்?" என்று கேட்கும் காலம் பிறந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் மூத்த பெயிண்டர்கள் இன்றும் 'டூக்கோ' என்று சொல்வது இந்த வரலாற்றின் எச்சமே.

நைட்ரோ செல்லுலோஸ் எதிலிருந்து கிடைக்கிறது? பருத்தியிலிருந்து! பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் வினைப்படுத்தினால் நைட்ரோ செல்லுலோஸ் உண்டாகிறது. நைட்ரஜனின் அளவு கூடினால் அதுவே வெடிப்பஞ்சு. குறைவாக இருந்தால் வண்ணத்துக்கு உதவும் பசை. 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்லைத் தொடங்கிய நாள் முதலாக நூற்பாலைச் சங்கொலியில் விழித்தெழும் ஊர் நம்முடையது. அந்த ஊரில் பிறந்த நாம், உலகத்துக் கார்களுக்குப் பல வண்ணம் தந்ததும் பஞ்சுதான் என்று அறியும்போது சற்றே பெருமை கொள்ளலாம் அன்றோ!

ஆலைப் பூச்சும் பட்டறைப் பூச்சும்

இன்றைய கார் தொழிற்சாலையில் வண்ணம் ஏறும் முறையை அறிந்தால், அதைச் சுரண்டி எடுக்க மனம் வராது. முதலில் இரும்புக் கூட்டைக் கழுவிப் பாஸ்பேட் குளியல் கொடுக்கிறார்கள். பிறகு கூடு முழுவதையும் பிரைமர் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். நாம் முதலாண்டில் படித்த மின்னாற்பகுப்பின் உறவுதான் இது. மின்சாரம் இழுத்துச் செல்வதால், கையும் பிரஷும் நுழையாத இண்டு இடுக்குகளிலும் பிரைமர் படிந்துவிடுகிறது. பிறகு சூட்டறையில் வேக வைக்கிறார்கள். அதன்மேல் இடைப்பூச்சு; அதன்மேல் நிறப்பூச்சு; எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்புக்கும் பாதுகாப்புக்குமாக நிறமற்ற கிளியர் கோட். இத்தனை அடுக்கும் சேர்ந்த கனம் ஏறத்தாழ 100 முதல் 120 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு!

தொழிற்சாலையில் இந்தப் பூச்சுகளை 140 டிகிரி சென்டிகிரேடு அளவில் வேக வைக்க முடிகிறது. ஏனெனில் அப்போது வண்டி வெறும் இரும்புக் கூடு. பட்டறைக்கு வரும் வண்டியிலோ ஒயர் இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, சீட்டு இருக்கிறது. அதை அந்தச் சூட்டில் வைத்தால் வண்ணம் மட்டுமா வேகும்? வண்டியே வெந்துவிடும். ஆகவே பட்டறையில் சூட்டுக்குப் பதிலாக ஒரு வேதிப்பொருள் கலக்கிறார்கள். அதன் பெயர் ஹார்ட்னர். அதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு இவ்வளவு போதும்: ஆலையில் ஏறிய அடிப்பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். எவ்வளவு கைதேர்ந்த பெயிண்டராலும் அதை மீண்டும் கொண்டுவர இயலாது. நன்றாக இருக்கும் பூச்சை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக இரும்பு தெரியச் சுரண்டுவது, நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

வெளுத்துப் போன வண்டிக்கெல்லாம் புது வண்ணம் வேண்டும் என்பதும் இல்லை. வெயில் பட்டு மேற்படலம் மங்கியிருந்தால், நல்ல ரப்பிங் பாலிஷ் போட்டாலே பாதி இளமை திரும்பிவிடும். கிளியர் கோட் செதில் செதிலாக உரிந்திருந்தால்தான் அந்தப் பகுதிக்குப் புதுப் பூச்சு தேவை.

நிறம் மாறினால் வேலை எவ்வளவு?

அதே வண்ணம் அடிப்பதற்கும் வேறு வண்ணம் அடிப்பதற்கும் செலவு சற்றே கூடும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டறையில் நின்று பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

வெள்ளைக் காருக்கு வெள்ளையே அடிப்பதாக இருந்தால், வெளியே தெரியும் இடத்தைத் தேய்த்து, பட்டி வைத்து, பிரைமர் கொடுத்து, அடித்து முடித்துவிடலாம். கதவைத் திறந்தால் உள்விளிம்பும் வெள்ளை; தொல்லை இல்லை. வெள்ளையைச் சிவப்பாக்குவதாக இருந்தால் நான்கு கதவுகளின் உள்விளிம்பு, கதவு பொருந்தும் சட்டம், பானெட்டின் அடிப்பக்கம், டிக்கியின் உட்புறம், பெட்ரோல் மூடியின் குழி, இத்தனையும் மாற வேண்டும். கண்ணாடியைக் கழற்ற வேண்டும். ரப்பர் பீடிங்கை எடுக்க வேண்டும். கைப்பிடி, விளக்கு, பெயர்ப்பட்டை எல்லாம் இறங்க வேண்டும். இன்ஜின் இருக்கும் அறைக்கும் நிறம் மாற வேண்டுமானால் பாதி வண்டியையே பிரித்துப் போட வேண்டும். செலவுக்கு அஞ்சி அதை விட்டுவிட்டால், பானெட்டைத் தூக்கும்போதெல்லாம் பழைய வெள்ளை எட்டிப் பார்த்துச் சிரிக்கும். தென்காசிச் சாலையில் லாரி தெறித்துவிடும் ஒரு சிறு கல் போதும்; சிவப்பின் நடுவே வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. காரின் பதிவுச் சான்றில் எண், இன்ஜின் எண், சேசிஸ் எண் ஆகியவற்றோடு வண்ணமும் குறிக்கப்படுகிறது. வண்ணம் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றையும் திருத்திக் கொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். சான்றில் ஒரு நிறம், சாலையில் ஒரு நிறம் என்றால், சோதனையின்போது அது திருட்டு வண்டியோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. விரும்பிய நிறமெல்லாம் அடித்துவிடவும் இயலாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, ஆலிவ் பச்சை நிறத்தைப் பாதுகாப்புத் துறைக்கு உரியதாக ஒதுக்கியிருக்கிறது. பிறகு விற்கும்போதும், நிறம் மாறிய வண்டியைப் பார்த்து "எங்கேயும் மோதிய வண்டியோ?" என்று கேட்டு விலையைக் குறைக்காத தரகர் உண்டோ?

மாற்ற வேண்டிய இடமும் உண்டு

நிறமாற்றமே கூடாது என்று நான் வாதிடவில்லை. நிறத்துக்கு ஒரு பயன் இருந்தால் அது மதிக்கத் தக்கதே. பள்ளி வண்டியின் மஞ்சள், தொலைவிலேயே ஓட்டுநரின் கண்ணை எச்சரிக்கிறது. 2021-இல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எந்தப் பேருந்து அது என்று தொலைவிலேயே அடையாளம் காண்பதற்காக, 2022-இல் சென்னையில் அத்தகைய பேருந்துகளுக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள். அங்கே நிறம் ஓர் அறிவிப்புப் பலகையாக நின்று வேலை செய்கிறது.

வெப்பமும் ஒரு காரணமே. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார், ஒரே அளவுள்ள கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் வெயிலில் நிறுத்தி அளந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி வரை கூடுதலாகச் சுட்டது. உள்ளே காற்றின் வெப்பம் 5, 6 டிகிரி கூடுதலாக இருந்தது. சித்திரை வெயிலில் நம் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே கறுப்புக் காரை நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தவர்களுக்கு இந்த ஆய்வு தேவைப்படாது. ஆகவே கறுப்பு வண்டி ஒன்றுக்கு எப்படியும் முழுப் பூச்சு தேவைப்படும் நிலை வந்து, அதை வெளிர் நிறமாக்க ஒருவர் விரும்பினால், அதில் நியாயம் உண்டு.

"பக்கத்து வீட்டுக்காரர் நீலம் அடித்திருக்கிறார், நாமும் அடிப்போம்" என்பது வேறு. அதற்காக ஒருவரின் மூச்சைச் செலவிடுகிறோம் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

அடிப்பவர் மூச்சு

முன்னே சொன்ன ஹார்ட்னருக்கு இப்போது வருவோம். இன்று கார்களுக்கு அடிக்கும் நல்ல வண்ணங்களிலும் கிளியர் கோட்டிலும் பெரும்பாலானவை இரு பொருட்களின் கலவை. ஒன்று ரெசின், மற்றொன்று ஹார்ட்னர். ரெசினில் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. ஹார்ட்னரில் ஐசோசயனேட் தொகுதிகள் இருக்கின்றன. இரண்டும் கைகோத்துப் பாலியூரிதேன் என்னும் உறுதியான வலையாகின்றன. வண்டி கண்ணாடிபோல் பளபளப்பது அந்த வலையினால்தான்.

ஐசோசயனேட் என்ற சொல்லை நாடு முழுவதும் ஒரே இரவில் கேட்டது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் போபாலில் கசிந்த நச்சு, மெத்தில் ஐசோசயனேட். பெயிண்ட் ஹார்ட்னரில் இருப்பது அதே பொருள் அன்று, மூலக்கூறு பெரியது, எளிதில் ஆவியாகாதது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீண் அச்சம் மூட்டுவது அறிவியல் படிப்பவனுக்கு அழகன்று. ஆனால் வினைபுரியும் கை ஒன்றுதான். எளிதில் ஆவியாகாத பொருளை ஸ்பிரே கன்னில் ஊற்றிக் காற்றழுத்தத்தால் பீய்ச்சும்போது, அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகி அறை முழுதும் மிதக்கிறது. ரெசினைப் பற்றும் அதே கை, மூச்சுக்குழாயில் உள்ள புரதங்களையும் பற்றுகிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு ஐசோசயனேட் ஒரு முதன்மைக் காரணம் என்பதும், கார் பெயிண்டர்கள் அதற்கு மிகுதியும் ஆளாகிறவர்கள் என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே இழுப்பை உண்டாக்கப் போதுமானது. அதற்குப் பின் அந்தத் தொழிலாளி அந்த வேலையையே விட வேண்டி வரும்.

நம் பட்டறைகளில் இதற்குத் தடுப்பு என்ன? மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை. நம் சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணி எத்தனையோ காயங்களுக்குக் கட்டாகிறது. ஆனால் எந்தத் துணியும், அது எத்தனை மடிப்பு மடித்துக் கட்டியதானாலும், ஆவியைத் தடுக்காது. நுண்துளியையும் முழுதாகத் தடுக்காது. கரிவடிகட்டி உள்ள முகமூடி அதைவிட மேல். அதிலும் ஒரு குறை உண்டு. ஐசோசயனேட்டுக்கு எச்சரிக்கும் மணம் கிடையாது. வடிகட்டி தீர்ந்துபோனதை மூக்கு கண்டுகொள்ளாது. ஆகவே வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் முகமூடியும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி அறையுமே தக்க பாதுகாப்பு என்று பிறநாடுகளில் வற்புறுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் ஆணை பிறப்பித்து, 2007 முதல் கார் பூச்சுகளில் ஆவியாகும் கரைப்பான்களின் அளவையும் கட்டுப்படுத்தியது. அதனால் அங்கே நிறப்பூச்சு பெரும்பாலும் தண்ணீரில் கலப்பதாக மாறியது.

பழைய பூச்சைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசியிலும் தீமை உண்டு. பழைய மஞ்சள், ஆரஞ்சு வண்ணங்கள் பலவற்றில் ஈயக் குரோமேட் நிறமி இருக்கும். நம் நாட்டில் 2016-இல் வந்த விதி, ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தியது வீட்டு வண்ணங்களுக்கும் அலங்கார வண்ணங்களுக்கும்தான்.

என் தந்தையாருக்கு இரவில் இருமல் உண்டு. தீபாவளி, பொங்கலையொட்டி நாலைந்து நாள் பட்டறை மூடியிருந்தால் இருமல் குறைகிறது; வேலை தொடங்கியதும் திரும்பி வருகிறது. மருத்துவர் நாடி பார்ப்பதற்கு முன்னால் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். விடையைக் கேட்டதும் மேற்கொண்டு அதிகம் கேட்கவில்லை. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறை, தொழிற்சாலை என்னும் கணக்கில் சேர்வதில்லை. ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லை. ஆய்வாளர் வருவதில்லை. இருமினால் சொந்தக் காசு. படுத்தால் கூலி இல்லை.

பட்டறையில் பேரம் நடப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். "அண்ணாச்சி, ஃபுல்லா கலரை மாத்திப்புடுங்க. ரேட்டை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார் வண்டிக்காரர். வண்ணத்தின் விலையைக் குறைக்க முடியாது. அது கடைக்காரர் விலை. தின்னர் விலையைக் குறைக்க முடியாது. மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. குறையக் கூடியது கூலியும் பாதுகாப்பும் மட்டுமே. "சரி தம்பி, பார்த்துக்கலாம்" என்று தந்தையார் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் ஒரு முகமூடியின் விலை கரைந்து போகிறது.

நிறமாற்றத்தில் இந்தச் சுமை கூடுகிறது. அடிக்கும் பரப்பு கூடுகிறது. கோட்டுகளின் எண்ணிக்கை கூடுகிறது. கதவிடுக்கிலும் டிக்கிக்குள்ளும் தலையை நுழைத்து அடிக்க வேண்டியிருக்கிறது. மூச்சுக்கும் துளிக்கும் இடையே ஒரு முழத் தொலைவுகூட இருப்பதில்லை.

தன் தலையில் தானே மண்ணா?

இங்கே ஒரு மறுப்பு எழும். "பெயிண்டர் மகனே பெயிண்ட் அடிக்காதீர்கள் என்கிறானே! இது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதாகாதா?" நியாயமான கேள்வி. ஒரு முழு வண்டி வேலைக்கு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு மாத வாடகையும் மளிகைக் கடைப் பாக்கியும் தீர்கின்றன. என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியதும் அப்படி வந்த பணம்தான். யாரோ சிலருக்குத் தங்கள் காரின் நிறம் பிடிக்காமல் போனதால்தான் நான் இந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறேன். இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

ஆயினும் என் கருத்து மாறவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, பெயிண்டரின் உண்மையான திறம் முழு வண்டியை வேறு நிறமாக்குவதில் இல்லை. ஒரு கதவை மட்டும் அடித்து, பக்கத்துக் கதவோடு வேறுபாடு தெரியாமல் சேர்ப்பதில் இருக்கிறது. பத்தாண்டு வெயில் பட்ட வெள்ளி நிறம், நிறுவனம் சொன்ன குறியீட்டு எண்ணின்படி கலந்தால் ஒத்து வராது. துளி கறுப்பு, துளி நீலம் என்று சேர்த்து, நிழலிலும் வெயிலிலும் வைத்துப் பார்த்து, பக்கத்துப் பலகை வரை மெல்லத் தேய்த்துக் கொண்டுபோய் மறைக்க வேண்டும். இது பல்லாண்டு பழகிய கண்ணுக்கு மட்டுமே கைவரும் கலை. இதற்குத் தக்க கூலி கொடுப்போமானால், குறைந்த புகையில் கூடுதல் வருமானம் கிடைக்கும். இன்றோ "ஒரு கதவுதானே!" என்று சொல்லி அதற்குத்தான் மிகக் குறைவாகத் தருகிறோம்.

இரண்டாவது, முழு வேலையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலிவான முழு வேலையைத்தான் வேண்டாம் என்கிறேன். கூலியோடு முகமூடியின் விலையும் சேரட்டும். அப்போது நிறமாற்றம் சற்று விலை கூடும். உண்மையில் விரும்புகிறவர் கொடுப்பார். வேடிக்கைக்கு விரும்புகிறவர் விட்டுவிடுவார். இரண்டும் நல்லதே.

முடிவெடுக்கும் முன்

பழைய காருக்கு வண்ணம் அடிக்க எண்ணும் வீட்டார் ஐந்து வினாக்களைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒன்று: கெட்டிருப்பது பூச்சா, இரும்பா? துரு இருந்தால் முதல் பணம் துருவுக்குப் போகட்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம். திருவில்லிபுத்தூரில் பதினொரு நிலை கொண்டு 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்தைப் பாருங்கள். எந்தக் கோபுரத் திருப்பணியிலும் முதலில் வேரோடிய செடியைக் களைந்து, விரிசலை அடைத்து, சுதையைச் சீர்செய்கிறார்கள். வண்ணம் கடைசியில்தான் வருகிறது. காருக்கும் அதுவே முறை.

இரண்டு: பாலிஷ் போட்டுப் பார்த்தாயிற்றா?

மூன்று: ஓரிரு பகுதிகளை மட்டும் அடித்தால் போதாதா?

நான்கு: நிறத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால், உள்விளிம்பு வரை மாற்றவும் பதிவுச் சான்றைத் திருத்தவும் பணமும் பொறுமையும் இருக்கின்றனவா?

ஐந்து: அடிப்பவர் எதை மூக்கில் அணிந்து அடிக்கப் போகிறார்? இந்த வினாவைப் பட்டறையில் வாய்விட்டுக் கேளுங்கள். வண்டிக்காரர் கேட்கத் தொடங்கினால் பட்டறைக்காரரும் கேட்கத் தொடங்குவார்.

நம் கல்லூரிக்கும் இதில் ஒரு கடமை உண்டு என்று கருதுகிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் முகாம் நடத்துகிறோம், மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம். அடுத்த முகாமில் ஒருநாளை இரண்டு ஊர்ப் பட்டறைகளுக்காக ஒதுக்கினால் என்ன? வேதியியல் மாணவர்கள் பத்துப் பேர் போதும். டப்பாவின்மேல் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையை நல்ல தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். துணிக்கும் முகமூடிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவோம். உலர்த்தித் தேய்ப்பதைவிடத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி குறையும் என்பதைக் காட்டுவோம். தொழிலில் அவர்கள் நமக்கு ஆசான்கள்; வேதியியலில் மட்டும் நாம் அவர்களுக்கு உதவலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எதிர்காலத்தில் நம்மில் பலர் வேலைக்குச் செல்வோம்; கார் வாங்குவோம். நம் வீடுகளில் அதுவே முதல் காராக இருக்கக் கூடும். அது பளபளக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. பட்டறையில் சாவியைக் கொடுக்கும்போது, நிறப் பட்டியலைப் பார்ப்பதோடு, எதிரே நிற்கும் மனிதரின் முகத்தையும் ஒருமுறை பார்ப்போம். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.